பெற்றோருக்கு டிமென்ஷியா: பராமரிப்பை எந்த வரிசையில் ஏற்பாடு செய்வது? முழுமையான வழிகாட்டி

தாய்க்கோ தந்தைக்கோ டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழும் நாள் முதல், அவர் படுக்கையோடு இருக்கும் கட்டம் வரை குடும்பம் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இந்த வழிகாட்டி சொல்கிறது. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் குடும்பங்களில் நான் கண்ட தடுமாற்றங்களில் பெரும்பாலானவை அன்புக் குறைவாலோ பணக் குறைவாலோ வந்தவை அல்ல. வரிசை மாறியதால் வந்தவை. முதல் வாரமே பராமரிப்பாளரைத் தேடி அலைகிறார்கள், ஆனால் தைராய்டு சோதனை செய்திருக்க மாட்டார்கள். கதவுகளுக்கெல்லாம் பூட்டு மாற்றுகிறார்கள், ஆனால் வங்கிக் கணக்கை இனி யார் கையாள்வது என்று கேட்டால் பதில் இருக்காது.

எது முதலில் கைநழுவிப் போகுமோ அதை முதலில் செய்ய வேண்டும் என்பதே இங்குள்ள வரிசைக்கு அடிப்படை. ஆள் வைப்பதையும் வீட்டை மாற்றியமைப்பதையும் பின்னர் செய்துகொள்ளலாம். அவருடைய விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வதைப் பின்னர் செய்ய முடியாது.

தொடங்குமுன் திரட்ட வேண்டியவை

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் வையுங்கள். ஒருவருடைய கைபேசிக்குள் இருக்கும் குறிப்பு, அவர் ஊரில் இல்லாத நாளில் யாருக்கும் பயன்படாது. அவருடைய பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமைகள், பார்த்துவரும் மருத்துவர்களின் பெயர்கள் ஆகியவற்றை முதல் பக்கங்களில் எழுதுங்கள்.

மருந்துப் பட்டியலை மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். அலமாரி, கைப்பை, தலையணையடி என வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் திரட்டி, அதைப் பார்த்து எழுதுங்கள். சீட்டில் இருப்பதும் அவர் உண்மையில் விழுங்குவதும் பல வீடுகளில் வேறுவேறாக இருக்கின்றன. சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் தாமாக வாங்கிய மாத்திரைகளும் இதில் அடங்கும்.

அடையாள ஆவணங்கள், வங்கிக் கணக்குகள், ஓய்வூதியம், காப்பீடு, சொத்துப் பத்திரங்கள் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு எங்கே என்று தெரிந்தால் போதும். எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். தம் பத்திரம் வைத்த இடத்தில் இல்லை என்று அவர் கண்டுகொண்டால், பின்னால் வரப்போகும் எல்லாப் பேச்சுக்கும் அது தடையாகிவிடும்.

1. மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

"ஞாபகசக்தி குறைந்துவிட்டது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் அதிகம் செய்ய முடியாது. பல ஆண்டுகளாகத் தாமே கட்டிவந்த மின்கட்டணத்தை ஒரே மாதத்தில் இருமுறை கட்டினார், நாள்தோறும் போகும் வழியில் திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நின்றார் என்பதுபோல், நிகழ்ச்சியைத் தேதியுடனும் நேரத்துடனும் எழுதுங்கள். முன்பு செய்ய முடிந்த எது இப்போது முடியவில்லை என்பதே கேள்வி.

மறதியை மட்டும் கவனிப்பது பரவலான பிழை. சொல் கிடைக்காமல் திணறுவது, வழி தப்புவது, சமையல்போல் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலையில் நடுவே குழம்புவது, குணம் மாறுவது, இல்லாத உருவங்களைக் காண்பது, நடை தளர்வது, சிறுநீர் அடக்க முடியாமை, தூக்கத்தில் கைகால்களை உதறிக் கத்துவது ஆகிய ஒவ்வொன்றும் நோயின் வகையைப் பிரித்தறிய மருத்துவருக்கு உதவும். காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். கேட்காத ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

எழுதியதை மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் எதிரிலேயே அவருடைய குறைகளை அடுக்கிச் சொன்னால், அவர் அவமானப்பட்டு அடுத்த முறை வர மறுப்பார். அதே வேளையில், மருத்துவரின் அறையில் அரை மணி நேரம் மிகத் தெளிவாகப் பேசிவிடுவோர் பலர். உங்கள் குறிப்பு இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற முடிவோடு திரும்ப நேரிடும்.

குழப்பம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வந்திருந்தாலும், முகம் கோணியிருந்தாலும், கை கால் வலுவிழந்தாலும், காய்ச்சல் இருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் இந்த இரண்டு வாரக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2. மறதி நோய்தானா, எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள்

நரம்பியல் மருத்துவர், முதியோர் நல மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் எவரிடமும் தொடங்கலாம். டிமென்ஷியாபோல் தோன்றினாலும் சிகிச்சையால் சீராகக்கூடியவற்றைத்தான் முதலில் விலக்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மனச்சோர்வு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சில வாரங்களுக்கு முன் விழுந்ததால் மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தமும், மூளை நீர் தேங்கி நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு, சிந்தனை மூன்றையும் ஒருசேரப் பாதிக்கும் நிலையும் ஸ்கேனில்தான் தெரியவரும். ஆகவே ரத்தப் பரிசோதனையும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும் வீண் செலவு அல்ல.

திரட்டிய மாத்திரைப் பை இங்கேதான் பயன்படும். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின், மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் முதியவர்களின் சிந்தனையை மங்கச் செய்யக்கூடியவை. பையை அப்படியே மேசையில் வைத்து, இவற்றில் எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் திடீரென நிறுத்தாதீர்கள்.

30 மதிப்பெண்ணுக்கு நடத்தப்படும் நினைவாற்றல் சோதனையைக் குடும்பங்கள் தேர்வு முடிவுபோல் எடுத்துக்கொள்கின்றன. படிப்பு, மொழி, கண்பார்வை, அன்றைய மனநிலை எல்லாமே அந்த எண்ணைப் பாதிக்கும். நன்கு படித்தவர் நோயின் தொடக்கத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம். பள்ளிக்கே போகாதவர் நோயில்லாமலும் குறைவாகப் பெறலாம். அந்த எண்ணோடு உங்கள் குறிப்பும் சேரும்போதுதான் அதற்குப் பொருள் கிடைக்கிறது.

வகையைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்சைமரில் அண்மை நினைவே பெரும்பாலும் முதலில் குறையும். ரத்தக்குழாய்ப் பாதிப்பால் வருவது படிப்படியாக இறங்கலாம். அதில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. முன்மூளைப் பாதிப்பில் நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே நாகரிகமும் இரக்கமும் குறையக்கூடும் என்பதால், குடும்பம் அதைத் திமிர் என்று எண்ணிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கும். லூயி பாடி வகையில் உருவங்கள் தெரிவதும், ஒரு நாள் தெளிவும் மறுநாள் குழப்பமும் மாறிமாறி வருவதும் உண்டு. இவ்வகையினருக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் எதிர்ப்பு மருந்துகள் கடுமையான, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தான விளைவைத் தரக்கூடும். வகையின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்வது இதனால்தான்: நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு அவரைப் பற்றி வேறெதுவும் தெரிந்திருக்காது.

3. அவரால் முடிவெடுக்க முடியும்போதே முடிக்க வேண்டியவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நோய் உறுதியானதும் அடுத்த சில வாரங்களுக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும்.

நோயின் பெயர் வந்ததாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. அத்திறன் முடிவுக்கு முடிவு மாறுபடும். முதலீட்டைப் பற்றி முடிவெடுக்க இயலாதவர், தமக்காக யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். நாளின் நேரத்தைப் பொறுத்தும் அது மாறும் என்பதால், இத்தகைய பேச்சுகளை அவர் தெளிவாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காலையில், ஒரு நேரத்தில் ஒரே பொருளைப் பற்றி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பணம் கையாளும் அதிகாரம். கொடுத்தவர் திறனை இழந்த பின்னும் செல்லக்கூடிய அதிகாரப் பத்திரத்தைச் சில நாடுகளின் சட்டம் ஏற்கிறது. வேறு நாடுகளில் திறன் போனதும் சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாமல் போய், நீதிமன்றத்தின் வழியாகக் காப்பாளரை நியமிக்க வேண்டியிருக்கும். அவர் வாழும் இடத்தில் எது நடைமுறை என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். பவர் எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தேவைப்படும் நாளில் அது செல்லாது என்று அறிவதுதான் இதில் மிகக் கொடுமையான தவறு.

இரண்டாவது, உயில். உயில் எழுதும் நாளிலேயே அவருடைய திறனைச் சோதித்து மருத்துவர் எழுதித் தரும் சான்று, பின்னாளில் எழும் வழக்குகளுக்குப் பெரிய தடுப்பு. சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. பேச்சு நடக்கும் அறையிலும் அவர் இல்லாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, சிகிச்சை பற்றிய விருப்பம். சொத்தைப் பற்றிப் பேசிவிடும் குடும்பங்கள்கூட இதைப் பேசாமல் விட்டுவிடுகின்றன. "செயற்கைச் சுவாசம் வேண்டுமா?" என்று நேரடியாகக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கு எது முக்கியம், எந்த நிலையில் வாழ்வது உங்களுக்கு ஏற்புடையதாக இராது, உங்களால் சொல்ல முடியாமல் போனால் எங்களில் யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சட்டப்படியான படிவம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். அது இல்லாத இடத்திலும் இந்தத் தாள், பிள்ளைகளுக்குள் பின்னால் எழும் சண்டையில் பாதியைத் தீர்த்துவிடும்.

இவற்றோடு, வங்கிக் கணக்கில் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு, பெரிய பரிமாற்றங்களுக்கு இன்னொருவர் கைபேசிக்கும் தகவல், தேவையற்ற கடன் அட்டைகளை மூடுதல் ஆகியவற்றை அவர் ஒப்புதலுடனேயே செய்துவிடுங்கள். தொலைபேசி மோசடிக்காரர்களுக்கு இந்நோயாளிகள் எளிதில் இரையாகிறார்கள். வாகனம் ஓட்டுவதைப் பற்றிய முடிவை மருத்துவரின் வாயால் சொல்ல வைப்பது நல்லது. பிள்ளை சொன்னால் அது பகையாக முடிகிறது.

4. உண்மையைச் சொல்லுங்கள், பொறுப்பைப் பிரியுங்கள்

நோயின் பெயரை அவரிடம் மறைப்பதா, சொல்வதா என்று குடும்பங்கள் மாதக்கணக்கில் தயங்குகின்றன. தொடக்க நிலையில் இருப்பவர் தமக்கு ஏதோ நேர்கிறது என்பதைப் பெரும்பாலும் தாமே உணர்ந்திருப்பார். சொல்லாமல் மூன்றாம் படியைச் செய்யவும் முடியாது. ஒருமுறை, அமைதியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் மறந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிக் காயப்படுத்த வேண்டியதில்லை.

குடும்பக் கூட்டத்தில் 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்ற முடிவு ஒரு முடிவே அல்ல. நடைமுறையில் அது ஒரே ஒருவர், பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ, முழுச் சுமையையும் தாங்குவதாகவே முடிகிறது. அன்றாடப் பராமரிப்பு, மருத்துவர் சந்திப்பு, பணக் கணக்கு, மாற்றாள் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். தொலைவில் இருப்பவர் பணக் கணக்கையும் காப்பீட்டு வேலைகளையும் முழுமையாக ஏற்கலாம். அன்றாடம் பார்ப்பவருக்கு வாரத்தில் எந்த நேரம் முழு விடுப்பு என்பதையும் அதே தாளில் எழுதாவிட்டால் அந்த விடுப்பு ஒருபோதும் வராது.

தொலைவிலிருந்து சில நாள்கள் வந்து தங்குபவர், "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்வது எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அவரோடு வாதிடாமல், இரண்டு இரவும் பகலும் முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வாருங்கள்.

5. ஆள் தேடுமுன் 24 மணி நேரக் கணக்கு எடுங்கள்

ஒரு வாரம், நாளை மணி மணியாகப் பிரித்து, ஒவ்வொரு மணியிலும் அவருக்கு என்ன உதவி தேவைப்பட்டது என்று எழுதுங்கள். தாமே செய்தார், சொன்னால் செய்தார், கை கொடுத்தால் செய்தார், முழுதும் நாம் செய்தோம் என்ற நான்கு நிலைகள் போதும். குளியல், உடை, உணவு, கழிப்பறை, நடை, மருந்து, தூக்கம் ஆகிய ஏழையும் தனித்தனியே குறியுங்கள்.

இந்தக் கணக்கு இல்லாமல் முழுநேர ஆளை அமர்த்தும் குடும்பங்கள் இருவகையில் இழக்கின்றன. காலை இரண்டு மணி நேர உதவி போதுமாயிருந்த இடத்தில் பணம் வீணாகிறது. அவர் தாமே செய்துவந்த வேலைகளையும் ஆள் செய்துவிடுவதால் அந்தத் திறன் விரைவில் போய்விடுகிறது. மறுபுறம், பகலில் ஆள் வைத்தும் வீடு தளர்ந்துபோகும். உண்மைச் சிக்கல் இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து நடப்பதாக இருக்கும்.

6. வீட்டைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பழகிய இடமே அவருக்கு அயலாகிவிடும். ஆபத்தானவற்றை முதலில் கவனியுங்கள்: அடுப்பின் எரிவாயு, மருந்து, பூச்சிக்கொல்லி, கூர்மையான கருவிகள், குளியலறை. வெந்நீர்க் கருவியில் வெப்பம் 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி வையுங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க நாற்காலி ஆகிய மூன்றும் வேண்டும். உட்புறத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும்.

பின்னர் ஒளி. இந்நோயில் கண் நன்றாக இருந்தாலும், கண்டதை மூளை புரிந்துகொள்வது குறையும். தரையில் கிடக்கும் கரிய விரிப்பு பள்ளமாகத் தெரிந்து அவர் கால் வைக்க மறுக்கலாம். கண்ணாடியில் தெரிவது அந்நியர் என்று அஞ்சலாம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கழிப்பறைக் கதவில் படம், கண்ணாடிக்குத் திரை ஆகியவை குறைந்த செலவில் நிறைய உதவும்.

வெளியே போய் வழி தப்புவது பெரும் அச்சம். அவர் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் பொறித்த கைவளையம், அண்மைய முகப் புகைப்படம், அக்கம்பக்கத்தாரிடம் ஒரு சொல் ஆகிய மூன்றும் முன்கூட்டியே வேண்டும். காணாமல் போனால் திரும்பி வந்துவிடுவார் என்று காத்திருக்காமல் உடனே காவல்துறைக்குத் தெரிவித்து, வீட்டைச் சுற்றியும் அவர் முன்பு வாழ்ந்த, வேலை பார்த்த இடங்களிலும் தேடுங்கள். அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. கட்டிலின் பக்கக் கம்பிகளும் எல்லோருக்கும் பாதுகாப்பல்ல. நடக்கக்கூடியவர் அவற்றின் மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

7. பேச்சும் நடத்தையும்: காரணத்தைத் தேடுங்கள்

சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். இறந்துபோன தாயைத் தேடுவார். பணத்தை நீங்கள் திருடிவிட்டதாகச் சொல்வார். இவற்றில் தகவலைத் திருத்துவதால் ஒரு பயனும் இல்லை. தாய் இறந்துவிட்டார் என்று சொன்னால், அவருக்கு அது இன்று கேட்கும் புதிய மரணச் செய்தி. "அம்மாவைத் தேடுகிறீர்களா? அவர் எப்படி இருப்பார், சொல்லுங்கள்" என்று உணர்ச்சிக்குப் பதில் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கவனத்தை வேறொன்றுக்குத் திருப்புங்கள். திருட்டுக் குற்றச்சாட்டுக்கு எளிய வழி, சேர்ந்து தேடுவது. அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் இடங்கள் விரைவில் உங்களுக்குப் பழகிவிடும்.

ஒரு வேளையில் ஒரே செய்தியைச் சொல்லுங்கள். முன்னால் வந்து, கண்ணைப் பார்த்து, பெயரையோ உறவையோ சொல்லித் தொடங்குங்கள். "என்னை யாரென்று தெரிகிறதா?" என்று சோதிக்கும் விருந்தினர்களைத் தடுப்பதும் உங்கள் வேலைதான்.

கோபம், அடித்தல், குளிக்க மறுத்தல், மாலையில் பரபரப்பு போன்றவை திரும்பத் திரும்ப வந்தால் நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: முன்பு என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்பு நாம் என்ன செய்தோம். சில நாள்களிலேயே காரணம் தெரியத் தொடங்கும். குளியலை மறுப்பவர் தண்ணீரை மறுப்பதாக எண்ண வேண்டாம். குளிரையோ, ஆடை களையும் கூச்சத்தையோ, தலைமேல் திடீரென விழும் நீரையோ மறுக்கலாம். அறையைச் சூடாக்கி, துண்டால் போர்த்தி, காலிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வந்தால் பலர் ஒத்துழைக்கிறார்கள். நாள்தோறும் குளித்தே ஆக வேண்டும் என்பது உங்கள் விதி. ஈரத்துணியால் துடைத்துவிடும் நாள்கள் இருக்கட்டும்.

நடத்தை மாறினால் மருந்து கேட்குமுன் உடலைச் சோதியுங்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, பல்வலி, பசி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாதவர் அவற்றைக் கோபமாகத்தான் வெளிப்படுத்துவார். மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலியைக் கணிக்கும் முறை மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளது. செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

8. மருந்துகளிடம் எதை எதிர்பார்ப்பது

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமைன், மெமன்டின் ஆகியவை நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கின்றன. முதல் மூன்றாலும் குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைதல் ஏற்படலாம். மயங்கி விழுந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரிவாஸ்டிக்மின் ஒட்டுப் பட்டை தரப்பட்டால், பழையதை எடுத்துவிட்டே புதியதை ஒட்ட வேண்டும். எடுக்க மறந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மருந்தளவு மிகுந்துவிடும்.

ஆளை அடக்கத் தரப்படும் மனநோய் எதிர்ப்பு மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியோரிடம் பக்கவாதத்தையும் இறப்பையும் கூட்டுவதாக எச்சரிக்கை உண்டு. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் அவை தேவைப்படலாம். அப்போதும் எதற்காக, எவ்வளவு நாளுக்கு, எப்போது குறைத்துப் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பிறகே தொடங்குங்கள்.

9. பராமரிப்பாளரை அமர்த்துதல்

24 மணி நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆளிடம் பேசுங்கள். 'வயதானவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று மட்டும் சொல்லி அமர்த்தியவர், இரவில் மூன்று முறை எழுப்பப்படுவதைக் கண்டதும் விலகிவிடுகிறார். தவறு அவருடையது அன்று. வேலை நேரம், தூங்கும் நேரம், விடுப்பு நாள், ஊதியம், செய்யக் கூடாதவை ஆகியவற்றை எழுத்தில் வையுங்கள். பகலும் இரவும் ஒரே ஆள் என்ற ஏற்பாடு நீடிக்காது, அது நியாயமும் அன்று.

முதல் வாரம் நீங்களும் உடனிருங்கள். ஆள் வந்த முதல் நாளே குளிப்பாட்டச் சொல்லாதீர்கள். முதலில் சேர்ந்து உட்காரட்டும், உணவு பரிமாறட்டும், நடக்கட்டும். உடலைத் தொடும் வேலைகளை அறிமுகமானவரிடமிருந்துதான் அவர் ஏற்பார். அவரை எப்படி அழைக்க வேண்டும், எது அவருக்குப் பிடிக்கும், எதைச் சொன்னால் கோபம் வரும், முன்பு என்ன வேலை பார்த்தார் என்ற ஒரு பக்கக் குறிப்பு, எந்தப் பயிற்சியையும்விட விரைவாக ஆளுக்கு உதவும்.

பணத்தையும் நகையையும் ஆள் வருமுன்பே அப்புறப்படுத்திவிடுங்கள். இது ஆளின்மேல் ஐயத்தால் அன்று. நோயாளி எப்படியும் ஒரு நாள் திருட்டுக் குற்றம் சொல்வார், அப்போது அந்த ஆளின் மானம் காக்கப்பட வேண்டும். ஆனால் உடலில் காரணம் தெரியாத காயம், ஆளைக் கண்டதும் அச்சம், பகலெல்லாம் தூக்கம் ஆகியவற்றைக் கண்டால் மறதிப் பேச்சு என்று ஒதுக்காமல் விசாரியுங்கள்.

10. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாயிருந்தால்

'ஒருநாளும் உங்களை இல்லத்தில் விட மாட்டேன்' என்ற வாக்கைக் கொடுக்காதீர்கள். 'நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுவதை உறுதிசெய்வேன்' என்ற வாக்கையே உங்களால் காக்க முடியும். இரவுத் தூக்கம் தொடர்ந்து இல்லாமை, பராமரிப்பவரின் உடல்நலக் கேடு, நோயாளியைத் தூக்க ஒருவரால் முடியாமை ஆகியவை வந்துவிட்டால் இல்லம் நியாயமான முடிவு. சாய்ந்து விழும் நிலை வருமுன்பே இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வையுங்கள், ஏனெனில் நெருக்கடி நாளில் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது.

ஒருமுறை சொல்லிவிட்டும், ஒருமுறை சொல்லாமல் உணவு வேளையிலோ மாலையிலோ போயும் பாருங்கள். வரவேற்பறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், கட்டி வைப்பதுண்டா, தூங்க வைக்கும் மருந்தை யார் தீர்மானிக்கிறார், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, எந்த நிலையில் திருப்பி அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை; பிற்காலத்தில் அதுவே பெரும் இடியாக இறங்குகிறது.

11. திடீர் மாற்றமும் மருத்துவமனையும்

டிமென்ஷியா மாதக்கணக்கில் நகர்வது. நேற்றுவரை பேசியவர் இன்று தூங்கி வழிந்தாலோ, கவனத்தை நிறுத்த முடியாமல் பிதற்றினாலோ அது நோய் முற்றியதன் அடையாளமென்று இருந்துவிடாதீர்கள். தொற்றோ, மருந்தோ, நீரிழப்போ, சிறுநீர் அடைப்போ காரணமாக வரும் கடும் குழப்பநிலை அது. அன்றே சிகிச்சை வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்தால் தெரிந்த முகம் ஒன்று எப்போதும் அருகில் இருக்கட்டும். கண்ணாடி, காது கருவி, பல் செட் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் படியெடுத்துப் படுக்கையருகில் ஒட்டுங்கள். தேவை முடிந்த சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று நாள்தோறும் கேளுங்கள்.

12. படுக்கையோடு இருக்கும் கட்டம்

இப்போது வேலை மாறுகிறது: தோல், வாய், விழுங்குதல், வலி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகால் படுக்கையில் படாதபடி காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. வளைய வடிவ மெத்தையும் வேண்டாம், அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், முந்தையதை விழுங்கிய பின் அடுத்ததை ஊட்டுங்கள். உண்டபின் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். இருமல், ஈரமான குரல், வாயில் தேங்கும் உணவு ஆகியவற்றைக் கண்டால் விழுங்கும் திறனைச் சோதிக்கும் வல்லுநரைக் கேளுங்கள். பல்லும் வாயும் நாள்தோறும் சுத்தமாக இருப்பது நுரையீரல் தொற்றைக் குறைக்க உதவும்.

உணவு குறையும்போது குழாய் வழி உணவு பற்றிய கேள்வி வரும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குப் போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அதைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்ட நேரிடுவதும் உண்டு. அவர் ஏற்கும் அளவுக்கு, ஏற்கும் வேளையில் கையால் ஊட்டுவதையே முதியோர் நல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மூன்றாம் படியில் அவர் சொற்களில் எழுதி வாங்கிய தாளை இந்த உரையாடலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவை இறுதி நாள்களுக்கென்று ஒத்திப்போடாமல், அவர் பெரும்பகுதி நேரம் படுக்கையில் கழிக்கத் தொடங்கியதுமே அழையுங்கள். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் வீட்டில் எந்த மருந்து இருக்க வேண்டும், அதை யார் கொடுப்பது, இரவில் யாரை அழைப்பது, எந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டாம் என்ற நான்கையும் அவர்களிடம் கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, இரவில் பார்ப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.